என் அம்பிளிபயருக்குச் சொன்ன ஆமீன்

மருதமுனை,
18.08.2009.

கண்ணியத்துக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அம்பிளிபயரைக் களவெடுத்தது நீங்கள்தான்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சுகமாக இருங்கள். இனிச் சண்டை. இம்மாதம் இரண்டாம் திகதி வெளிவந்த தங்கள் வார இதழின் ஏழாம் பக்கத்தில் ‘இசையைத் துறந்தார் மருதமுனை இளைஞர்’ என்று அரைப்பக்கச் செய்தி போட்டிருந்தீர்கள். அந்த இளைஞர் நான்தான். நான் எதையும் துறக்கவில்லை. ‘தன்னிடமிருந்த நவீன ஒலிச் சாதனத்தைப் பள்ளிவாசலுக்கு அன்பளிப்புச் செய்து கண்ணீர் மல்கத் தவ்பாச் செய்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருக்கும் கண்ணீர் உண்மை. ஆனால் அது பாவமன்னிப்புக் கேட்ட தவ்பாக் கண்ணீர் அல்ல. உங்கள் பிரதேச நிருபர் காலிதீன் படம் எடுத்த நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் என் அம்பிளிபயரின் பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தூசு கிடக்கிறது என்று ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கிற்றார் வாசிக்கிறவன் எவனாக இருந்தாலும் அழுவான். போன வருடம் எங்கள் கடற்கரையில் இன்னும் தகரக் கொட்டிலில் சீவிக்கும் குடும்பங்களைப் பற்றித் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. என் மூக்குச் சளிக்கு மட்டும் அரைப்பக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சுனாமியில் கடல் வந்து போன அடுத்த வருடம் எங்கள் ஊருக்கு வராத சாமான் இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று சைக்கிளும், பனிக்கு உடுக்கும் கம்பளிச் சட்டை நான்கும் கிடைத்தன. கக்கூஸ் கிடைக்கவில்லை. தோணியும் வலையும் இழந்த மசூர் காக்கா, முகாமுக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அவர்கள் குலுக்கல் போட்டு, மன ஆறுதல் திட்டத்தின் கீழ் அவருக்கு ஒரு எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிவப்பு நிறம், வழுவழுப்பு, பின்பக்கம் இரும்புத் தகடு. அதைக் கையில் வாங்கிய மசூர் காக்கா கேட்ட முதல் கேள்வி, “இதுல எண்ணெய் ஊத்துற எவடத்த?” என்பதுதான். கூடி நின்ற யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிறகு அவர் அதற்கு ஒரு பயனைக் கண்டுபிடித்தார். பல்லுள்ள மீன் நைலோன் நூலைக் கடித்து அறுத்துவிடும் என்பதால் தூண்டிலுக்கு முன்னால் மெல்லிய கம்பி கட்ட வேண்டும். கிற்றார்க் கம்பியை விட நல்ல கம்பி கல்முனைச் சந்தையில் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு கம்பி கடலுக்குப் போய், இரண்டுதான் மிச்சம். ஒரு சைக்கிளைக் கொடுத்துக் கிற்றாரை வாங்கினேன். “மனே, ஏமாத்துறன் எண்டு நினைக்காத. சைக்கிள் ஓடும். இது ஓடாது” என்று நேர்மையாகச் சொல்லித்தான் தந்தார். அன்று முதல் இன்றுவரை எனக்குக் கிற்றார் விற்றவர்களில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

எலெக்ட்ரிக் கிற்றார் என்பது தங்களுக்கு விளங்காத சாமானாக இருக்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். அம்பிளிபயர் இல்லாவிட்டால் அது ஊமை. நுளம்பு காதுக்குள் கத்துகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். நான் முதலில் வாப்பாவின் றேடியோவில் வயரைக் கொழுவிப் பார்த்தேன். றேடியோ புகைந்து மௌத்தாகிவிட்டது. வாப்பாவுக்கு ஆறு தறி இருக்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை ஆறும் டக்கடக் டக்கடக் என்று அடிக்க, அதற்கு நடுவில் நின்று, “ஊட்டுக்குள்ள சத்தம் போடாத” என்று என்னைப் பார்த்துக் கத்துவார். அப்போதுதான் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு நிரோசனைப் பழக்கம் பிடித்தேன். அவனுடைய தகப்பன் கோயில் திருவிழா, கலியாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். நிரோசனிடமும் ஒரு கிற்றார் இருந்தது. இரண்டு பேருமாக நாலு வருடத்தில் ஏழு கிற்றாரும் மூன்று அம்பிளிபயரும் வாங்கி வாசித்து விற்றோம். ஒன்றை விற்பது, அடுத்ததை வாங்குவது, வாங்கியது போனதை விட மோசம் என்று கண்டுபிடிப்பது, போனதைத் தேடிப் போவது. இதுதான் இந்த நோய். மசூர் காக்காவின் சிவப்புக் கிற்றாரை மட்டும் இரண்டு தரம் விற்று இரண்டு தரமும் திரும்ப வாங்கினேன்.

கடைசியில் போன வருடம் ஒரு நல்ல அம்பிளிபயர் அகப்பட்டது. கனடாவுக்குப் போகிற ஒருவர் வெள்ளவத்தையில் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் சிவப்புக் கிற்றாரும் பஸ் ஏறினோம். சொந்தக் கிற்றாரைக் கொழுவிப் பார்க்காமல் அம்பிளிபயர் வாங்குகிறவன் மடையன். கொழுவினேன். கொழுவிய அடுத்த நிமிடம் விலை பேசுவதை மறந்துவிட்டேன். அவ்வளவுதான் சொல்லலாம். திரும்பி வரும்போது மூன்றாவது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். நீளப் பெட்டி, பக்கத்தில் வயரும் திருகியுமாக ஒரு கறுப்புப் பெட்டி, அவற்றுக்கு நடுவில் தாடி வைத்த ஒரு பொடியன். கொழும்பில் வாரத்துக்கு ஒரு குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பெட்டியைத் திறந்து பார்த்த சிப்பாய், “மல்லி, ஓட்டை கோ?” என்றார். தம்பி, கிற்றார் என்றால் நடுவில் வட்ட ஓட்டை இருக்க வேண்டும், அது எங்கே என்கிறார். ஓட்டை இல்லாத சாதிக் கிற்றார் இது என்றேன். வாசி என்றார். வாசித்தேன். நுளம்புச் சத்தம். இரண்டு பேர் துவக்கைத் தூக்கிவிட்டார்கள். ஓட்டையும் இல்லை, சத்தமும் இல்லை, பிறகு இது என்ன? சாவடிக்குள் கொண்டுபோய், அவர்களுடைய மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரைக் கொழுவி வாசித்துக் காட்டினேன். மூன்று நிமிடத்தில் நிரூபித்துவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் சிங்களப் பைலாப் பாட்டு வாசிக்க வைத்தார்கள். பஸ்ஸுக்குள் இருந்த ஒரு ஹாஜியார் தலையை வெளியே நீட்டி, “ஹராங்குட்டி, உனக்குக் கச்சேரி வைக்க வேற இடம் கிடைக்கல்லியா?” என்றார். ஆசிரியர் அவர்களே, உண்மையில் கிடைக்கவில்லை. இன்றுவரை இன்னொன்று வாசி என்று என்னிடம் கேட்ட ஒரே சபை அதுதான். ஆமிக்காரன் கேட்டான், என் ஊர் கேட்கவில்லை என்பதை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?

கோபிக்க வேண்டாம், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் கரையில் சத்தம் போட உரிமை உள்ளவர்கள் யார் யார்? பள்ளிவாசலுக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு, தேர்தலுக்கு நிற்கிறவனுக்கு உண்டு, தோற்றவனுக்கும் உண்டு, ஆமிக்கு உண்டு, பாண் விற்கிறவனுக்குக்கூட உண்டு. இருபத்து மூன்று வயதில் வேலை இல்லாமல் இருக்கிறவன் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நானும் நிரோசனும் வாரத்தில் இரண்டு பின்னேரம் அவனுடைய தகப்பனின் ஒலிபெருக்கிக் கொட்டிலில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தோம். அது மட்டும்தான் எங்களிடம் இருந்தது. அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

எப்படி எடுத்தீர்கள் என்று சொல்கிறேன். ஆடி மாதம் கரன்ட் கூடிக் குறைந்ததில் பள்ளிவாசல் அம்பிளிபயர் கருகிவிட்டது. நிர்வாகசபைச் செயலாளர் முகம்மது தம்பி ஹாஜியார் பகல் சோற்று நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார். “மூணே மூணு நாளைக்கு மனே. கொழும்பிலரிந்து புதுசு வரும். மறுகா உன்ட சாமானை நானே தலையில தூக்கிக் கொண்டாந்து தாறன்” என்றார். நான் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்குள் உம்மா ஓம் என்றுவிட்டா. நிரோசன் வந்து குழாய் ஸ்பீக்கர்களுக்கு வயர் மாற்றிக் கொடுத்தான். நான் மோதினாருக்கு வகுப்பு எடுத்தேன். இந்தத் திருகியைத் தொடலாம், இந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடக் கூடாது, தொட்டால் குரல் கிழிந்து கரகரக்கும். அடுத்த நாள் பகல், லுஹர்த் தொழுகைக்குப் பிறகு, காணாமல் போன ஆட்டுக்குட்டி ஒன்றைப் பற்றி அறிவிக்கும்போது அவருடைய முழங்கை அந்தப் பொத்தானில் பட்டிருக்கிறது. ஆட்டுக்குட்டி அறிவித்தல் யுத்தப் பிரகடனம் போல் ஊரெல்லாம் உறுமியது. கடல் வந்த நாளிலிருந்து எங்கள் கடற்கரை வீதியில் ஒலிபெருக்கி கொஞ்சம் வேறு மாதிரிச் செருமினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஐந்து குடும்பம் வயல் பக்கம் ஓடி, வரம்பில் ஏறி நின்று, பின்னேரம் அஸர்த் தொழுகைவரை திரும்பி வரவில்லை. ஆடு மட்டும் தானாக வந்து சேர்ந்தது.

இதோடு அம்பிளிபயரைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் மூன்றாம் நாள் மோதினார் இன்னொரு திருகியைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு றிவேப் என்று பெயர். குரலுக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைக் கொடுக்கும். அன்று பொழுது பட்டு மஃரிப் பாங்குக்கு வந்த குரலைக் கேட்டு, ஹஜ்ஜுக்குப் போய் வந்த கிழவர்கள் நடுத் தெருவில் நின்றுவிட்டார்கள். “மக்கத்துக் குரல்! அப்படியே மக்கத்துக் குரல்!” என்று ஒருவர் அழுதார். உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. என் உடம்பும் புல்லரித்தது. அந்த அம்பிளிபயரில் நான் ஒரு வருடமாகத் தேடித் திரிந்த சத்தத்தை மோதினார் மூன்று நாளில் பிடித்துவிட்டார். புல்லரித்து முடிந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. இந்தச் சத்தத்தைக் கேட்ட ஊர் இதை இனி விடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நான் கடைசி வரிசையில் தூணோடு சாய்ந்திருந்தேன். வெக்கை, மின்விசிறி, வயிற்றில் காலைப் பிட்டு. எல்லாம் முடிந்து துஆ ஓதினார்கள். நோயாளிகளுக்குச் சுகம் வேண்டும் என்றார்கள், ஆமீன் சொன்னோம். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்குப் பரக்கத் வேண்டும் என்றார்கள், ஆமீன் சொன்னோம். பாதித் தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை ஏந்திச் சொல்லிக்கொண்டே போகிறோம். அடுத்து ஏதோ ஒன்று வந்தது, அதற்கும் ஆமீன். பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்து, “மாஷா அல்லாஹ், பெரிய மனசு மச்சான்” என்று காதுக்குள் சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது. ‘தன்னுடைய பெறுமதி வாய்ந்த ஒலிச் சாதனத்தை இறை இல்லத்துக்கு அன்பளிப்புச் செய்த முனாபுக்கு ஈருலகிலும் நற்கூலி கிடைக்கட்டும்’ என்று ஹாஜியார் கேட்டிருக்கிறார். ஊரே ஆமீன் சொல்லியிருக்கிறது. ஊரோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் கொஞ்சம் உரத்து.

அம்பிளிபயர் இரவல்தான் என்று அன்றே ஹாஜியாரிடம் சொன்னேன். “நீயும் ஆமீன் சொன்னாய்தானே மனே? நான் பாத்தன்” என்றார். வீட்டில் வாப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே, “ஆயிரத்தைந்நூறு பேர் ஆமீன் சொல்லியிரிக்கான். எந்தக் கோட்டுக்குப் போய் அத உடைக்கப் போறாய்?” என்றார். நிரோசன் மட்டும் என்னை இறைநேசராக்கி ஆறுதல் சொன்னான். “டேய் அவுலியா, எங்கட கோயிலுக்கும் ஒரு ஜெனரேட்டர் வேணும். ஒருக்காக் கண்ண மூடிக்கொண்டு வந்து நில்லன்.”

அப்போதும் எனக்கு நம்பிக்கை இருந்தது. எங்கள் ஊர் எதையும் ஒரு மாதத்துக்கு மேல் ஞாபகம் வைக்காது. புதுச் சாமான் கொழும்பிலிருந்து வந்ததும், மெல்லமாகப் பின்வாசலால் போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அதைத்தான் நீங்கள் அச்சில் போட்டுக் கெடுத்தீர்கள். காற்றில் சொன்ன ஆமீன் கரைந்துபோகும், ஏழாம் பக்கத்தில் சொன்னது கரையாது. இப்போது தெருவில் போனால் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டுகிறார்கள். என் தங்கச்சி றுமைஸா அந்தப் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறாள். “காக்கா அழுவுற வடிவா விழுந்திரிக்கி. கலியாணத்துக்கும் இதையே குடுப்பம்” என்கிறாள். திருந்திய பொடியனைத் தன்னுடைய மகன் திரும்பவும் குழப்பிவிட்டான் என்று எங்கள் ஊர் பழி போடும் என்று பயந்து, நிரோசனின் தகப்பன் என்னைக் கொட்டிலுக்குள் வர வேண்டாம் என்கிறார். முன்பு ஊர் என்னை விரட்டியது, இப்போது பக்கத்து ஊரும் விரட்டுகிறது. இதைத்தான் இன ஒற்றுமை என்று உங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் எழுதுகிறீர்கள்.

அதோடு விட்டீர்களா? முந்தநாள் காலிதீன் வீட்டுக்கு வந்தார். செய்திக்கு நல்ல வரவேற்பாம், ஆசிரியபீடம் தொடர் செய்தி கேட்கிறதாம். “இஞ்ச பாருங்க தம்பி, அம்பிளிபயரைக் குடுத்த ஆள் கிற்றாரை வெச்சிரிந்தா அது அரைத் தவ்பா. நோன்புக்கு முந்தி வாற வெள்ளி, ஜும்ஆ முடிஞ்ச கையோட, பள்ளிக்கு முன்னால அத உடைங்க. நான் படம் எடுக்கிறன். முன்பக்கம்!” என்றார். விற்றுவிடுகிறேன் என்றேன். “ஆகாத சாமானை இன்னொருத்தன்ட தலையில கட்டுறதா?” என்று முகத்தைச் சுளித்தார். அவர் கையில் இருந்த செல்லிடப்பேசியில் அந்த நேரம் பார்த்து ஒரு சினிமாப் பாட்டு அடித்தது. பதறிப்போய் நிற்பாட்டினார். நான் அதை உடைக்கச் சொல்லவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னர் பின்வரும் திருத்தத்தை அதே ஏழாம் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் பிரசுரிக்க வேண்டும். வார இதழ் ஞாயிறுதான் வரும் என்றால் தினசரியில் போடுங்கள். ‘மருதமுனை முனாப் திருந்தவில்லை. அவருடைய அம்பிளிபயர் இரவல் கொடுக்கப்பட்டது. கண்ணீர், ஈரத் துணி சம்பந்தப்பட்டது. அவர் ஆமீன் சொன்னது தூக்கத்தில்.’ இந்த நான்கு வசனம் போதும்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், தங்கள் நிருபர்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதவும் எல்லாம் வல்ல அல்லாஹ்வை வேண்டுகிறேன். இந்த துஆவுக்கு மட்டும் முழுவதையும் கேட்ட பிறகே ஆமீன் சொல்கிறேன்.

இப்படிக்கு,
திருந்தாத,
மு. முனாப்

பி.கு. (அதே நாள், பின்னேரம்): மேலே உள்ள எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். நான் திருந்திவிட்டேன். தபாலில் போடப் புறப்பட்டபோது காலிதீன் வந்து, எனக்குத் தங்கள் அலுவலகத்தின் ஊடாக வந்த ஒரு கடிதத்தின் முதல் பக்கத்தைத் தந்தார். தோஹாவில் வேலை செய்யும் அக்கரைப்பற்று ஆள் ஒருவர், ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். என் செய்தியைப் படித்து மனம் மாறினாராம். தானும் கிற்றார் வாசிக்கிறவராம். தன்னிடம் இருக்கும் அம்பிளிபயரை எனக்கு அனுப்புகிறாராம், நான் செய்ததைப் போலவே அதையும் ஒரு நல்ல பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். அது வால்வு அம்பிளிபயர். உள்ளே கண்ணாடிக் குமிழ் சிவந்து எரியும் சாதி. அதன் பெயரைப் படித்ததும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். இந்தக் கரையில் அப்படி ஒன்று வந்திறங்கியதே இல்லை. எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்த வருடம் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. ஆகவே திருத்தம் வேண்டாம். விரும்பினால் என் தவ்பாவை இன்னொரு தரம் போடுங்கள். படத்தைப் பெரிதாக்குங்கள்.

இன்னுமொரு பி.கு. (புதன், காலை): காலிதீன் தொடர் செய்திக்காகத் தன்னிடம் வைத்திருந்த இரண்டாம் பக்கத்தை இன்றுதான் பிடுங்கி எடுத்தேன். அந்த மனிதர் பதினோரு வருடமாக எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருக்கிறார். ஷிப்ட் வேலை என்பதால் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பாராம். காதை ஸ்பீக்கர்த் துணியோடு ஒட்டிவைத்துத்தான் வாசித்தாராம். சத்தத் திருகியில் பத்துவரை இலக்கம் இருக்கிறது, ஒன்றுக்கு மேலே ஒருநாளும் திருப்பியதில்லை என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் அவர்களே, வால்வு அம்பிளிபயர் நாலைத் தாண்டினால்தான் பாடத் தொடங்கும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அந்த ஆள் அதைக் கொடுக்கப் போகிறார். அதுவும் நான் பிட்டுத் தூக்கத்தில் சொன்ன ஒரு ஆமீனை நம்பி. நாளை வியாழக்கிழமை தோஹாவில் கார்கோக்காரன் பெட்டியை எடுக்க வருகிறானாம். கடிதத்தில் பெயர் இல்லை, ‘ஒரு வாசகன்’ என்றுதான் கையொப்பம். கடிதத்தைக் கொண்டுவந்தவரைப் பிடித்தால் அவரைப் பிடிக்கலாம், கொண்டுவந்தவர் யார் என்று உங்கள் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். அம்பிளிபயர் எப்போது வரும் என்று கேட்க நேற்று நான்கு தரம், இதற்காக இன்று இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் காத்திருக்கச் சொல்லிவிட்டு வயலின் இசை போடுகிறீர்கள். திருத்தம் போடுங்கள், போடாமல் விடுங்கள், என்னைப் பற்றி எதையும் எழுதுங்கள். கார்கோக்காரன் வருவதற்கு முன்னால் அதை ஒருதரம், ஒரேயொரு தரம், எங்காவது ஒரு வெளியில் வைத்து ஐந்துக்குத் திருப்பிப் பார்க்கும்படி அவரிடம் நான் சொல்ல வேண்டும். தபாலுக்கு நேரமில்லை, இக்கடிதத்தைப் பெக்ஸ் கடைக்காரன் இப்போதே அனுப்புகிறான், கீழே அவனுடைய இலக்கம் இருக்கிறது, நான் இங்கேதான் நிற்கிறேன். அந்த ஆளின் தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள்.